கல்யாணப் பிளேட்டை வாட்டிய கதை

பாட்டுக் கேட்பது வேறு. பாட்டுக் கேட்கிறவன் என்று பேர் வாங்குவது வேறு. இருபத்திரண்டு வயதில் எனக்கு முதலாவது கொஞ்சம் பிடிக்கும், இரண்டாவது ரொம்பப் பிடிக்கும். அந்த ஆசை என் அக்கா மரகதத்தின் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது. கவிழாமல் போனதற்கு நான் காரணமில்லை. காரணமானவர்களை நினைத்தால் இன்றைக்கும் கை தானாகக் கும்பிடுகிறது. (நேரில் கும்பிட்டால் சிரிக்கிறார்கள். அது வேறு விஷயம்.)

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. இலங்கையின் தேயிலை மலைநாட்டில், லிந்துலை டவுனில் சூசை அண்ணன் என்று ஒரு தையல்காரர் இருந்தார். ஞாயிறு காலையில் மாதா கோயில் பூசை முடிந்து வந்து, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கடையின் ஒரு பலகையை மட்டும் கழற்றி வைப்பார். அன்றைக்குத் துணி தைக்க மாட்டார் என்பதற்கு அது அடையாளம். பாட்டுக் கேட்க வரலாம் என்பதற்கும் அதுதான் அடையாளம். உள்ளே தையல் மெஷினுக்குப் பக்கத்தில், கையால் சாவி கொடுக்கும் கிராமபோன், வாழைப்பூ மாதிரி பெரிய குழலோடு உட்கார்ந்திருக்கும்.

அங்கே கூடுகிற எங்கள் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. பிளேட்டு (இசைத்தட்டைத்தான் அப்படிச் சொல்வோம்) வைக்கிறதுக்கு முன்னால், அந்த வாரம் யார் எந்தப் பிளேட்டைக் கேட்டார்கள், எப்படி இருந்தது என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். சொன்னவர்களுக்குத்தான் சூசை அண்ணனின் பால் விடாத பிளேன்டீ.

"என்னங்க வாத்தியாரே, இந்த வாரம் என்ன கேட்டீங்க?" என்று அவர் ஆரம்பிப்பார்.

தோட்டப் பள்ளிக்கூடத்துப் பொன்னுசாமி வாத்தியார் கண்ணாடியைத் துடைப்பார். "ஒரே பிளேட்டுத்தாங்க. திருப்பித் திருப்பிக் கேட்டேன். என்ன ராகம்னு இன்னும் புடிபடல." பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் அந்த ராகத்தைப் பற்றியே பேசுவார்.

அடுத்தது பேக்கரி பண்டா. சிங்களவர். தமிழ் பேசினால் நமக்குச் சந்தோஷமாக இருக்கும், அவருக்குத்தான் கஷ்டம். "நான் ஒரு சிங்களப் பாட்டு கேட்டது. மாவு பிசையிற நேரம் கேட்டது. அழுகை வந்திச்சு. அன்னைக்குப் பாண் எல்லாம் உப்பு" என்பார். (பாண் என்றால் பேக்கரி ரொட்டி.) அதைவிட நல்ல விமர்சனத்தை நான் பிறகு எந்தப் பத்திரிகையிலும் படிக்கவில்லை.

கடைசியாக நான், தங்கராசு. என்னிடம் கிராமபோனும் கிடையாது, ராக ஞானமும் கிடையாது. எனக்கு வேலை தோட்டத்து ஸ்டோரில். (தேயிலை ஆலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம்.) மேல் மாடியில் பச்சைக் கொழுந்தைச் சாக்குத் தட்டுகளில் பரப்பி, கீழேயிருந்து வரும் சூட்டுக் காற்றில் வாட்டுவது என் பொறுப்பு. டீமேக்கர் ஐயா தேயிலையைக் குடித்துப் பார்த்துச் சொல்கிற வார்த்தைகள் எனக்கு மனப்பாடம். அதையே எடுத்து விடுவேன்.

"நல்ல நெறம் அண்ணே. வாயில வெச்சதும் ஒரு சுறுசுறுப்பு. கடைசியிலதான் லேசாப் புகை வாடை."

கோயில் ஒலிபெருக்கியில் கேட்ட பாட்டுக்குத்தான் இந்தத் தீர்ப்பு. ஆனாலும் மூன்று பேரும் யோசனையோடு தலையாட்டுவார்கள். ஒரு தரம் வாத்தியார், "அந்தப் புகை வாடை எந்தச் சுரத்துலப்பா?" என்று கேட்டுவிட்டார். "எல்லாச் சுரத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்குங்க" என்று சொல்லித் தப்பித்தேன்.

என்ன பேசி என்ன? மற்றவர்கள் வரும்போது கக்கத்தில் ஒரு பிளேட்டு இருக்கும். நான் குடையோடு வருவேன். குடை வைத்திருக்கிறவனை ரசிகன் என்று யார் நம்புவார்கள்?

சூசை அண்ணனிடம் 'கல்யாணப் பிளேட்டு' என்று ஒன்று இருந்தது. நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த பிளேட்டு. கடைசியில் கெட்டிமேளம் இடியாக இறங்கும். ஹட்டனிலிருந்து மேளக்காரர்களைக் கூட்டிவர எல்லாருக்கும் வசதி இருக்காது. அதனால் பொண்ணுக்கு ஜாக்கெட்டை அவரிடம் தைக்கக் கொடுத்தால், பிளேட்டும் கிராமபோனும் இனாமாகக் கல்யாணத்துக்கு வரும். சுற்று வட்டாரத் தோட்டங்களில் பாதித் தாலி அந்தப் பிளேட்டில்தான் ஏறியது. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற மனுஷன், இத்தனை இந்துக் கல்யாணத்துக்கு மேளம் கொடுத்தார்.

எங்கள் அக்கா மரகதத்துக்கு மஸ்கெலியாவில் மாப்பிள்ளை முடிவானது. மாப்பிள்ளை வேலாயுதம் நல்ல மாதிரி. மாமியார்க்காரியும் நல்ல மாதிரிதான், ஒரு விஷயத்தைத் தவிர. மூத்த மகனுக்குத் தாலி கட்டும் நேரத்தில் யாரோ தும்மிவிட்டார்களாம். அந்த மருமகள் ஆறு மாதத்தில் தனிக்குடித்தனம் போய்விட்டாள். அன்றிலிருந்து அந்த அம்மாவுக்குத் தும்மல் என்றாலே நடுக்கம்.

"கெட்டிமேளம் காதை அடைக்கணும், சொல்லிட்டேன்" என்று பரிசம் போட வந்த அன்றே எங்கள் அப்பாவிடம் கறாராகச் சொன்னார். "மேளம் இல்லாம தாலி ஏறக் கூடாது. ஒரு தும்மல் எங் காதுல விழுந்துச்சு, எம்புள்ளையக் கூட்டிக்கிட்டு அடுத்த பஸ்ல போய்க்கிட்டே இருப்பேன்."

அப்பா கலங்கிப் போனார். நான் நெஞ்சை நிமிர்த்தி, "மேளம் எம் பொறுப்புங்கத்தை" என்றேன். (யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.)

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் கலையும்போது சூசை அண்ணனிடம், பிளேட்டை இப்போதே கொடுங்கள் என்று கேட்டேன்.

"கல்யாணத்தன்னிக்கு நானே கிராமபோனோட கொண்டாரேனே தங்கராசு. இப்ப கொண்டுபோய் என்ன செய்யப்போற?"

"வீட்டுல சாமி படத்துக்கிட்ட வெச்சுக் கும்பிடணும்னு அம்மா சொல்றாங்க அண்ணே."

அம்மா அப்படி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அந்தப் பிளேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தோட்டம் முழுக்க நடக்க வேண்டும், அவ்வளவுதான். பிள்ளையார் கோயில் வழியாகப் போய், கொழுந்து நிறுக்கும் கொட்டகையைச் சுற்றி, வரிசை வீடுகளாக நிற்கிற எல்லா லயத்து வாசலிலும் எல்லாரும் பார்க்க வேண்டும். காகித உறைக்குள் இருந்தால் பிளேட்டு என்று யாருக்குத் தெரியும்? உறையைக் கழற்றி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். பிளேட்டு பளபளவென்று மின்னியது. குடையை வேண்டுமென்றே கடையில் விட்டு வந்தேன்.

மழை பிடித்துக்கொண்டது. லிந்துலை மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மேலேயிருந்தும் வரும், பக்கத்திலிருந்தும் வரும். தோட்டத்துக்கு வந்து சேரும்போது வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை. பிளேட்டின் நடுவில் ஒட்டியிருந்த காகிதம் ஊறி, ஒரு பக்கம் உரிந்து தொங்கியது. ஒரு துணியால் துடைத்திருந்தால் முடிந்திருக்கும். எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நான் பிள்ளை இல்லையே, ஸ்டோர்க்காரன் இல்லையா? ஈரமான பொருளை எப்படிப் பக்குவமாகக் காய வைப்பது என்று இந்த மலையில் என்னைவிடத் தெரிந்தவன் யார்?

கொழுந்துக் காலம் என்பதால் அன்றைக்கும் ஸ்டோர் ஓடிக்கொண்டிருந்தது. பிளேட்டைக் கொண்டுபோய் மேல் மாடியில், சூட்டுக் காற்று முதலில் வந்து படுகிற தட்டில், கொழுந்துக்கு நடுவே படுக்க வைத்தேன். நோகக் கூடாதே என்று அடியில் கொஞ்சம் கொழுந்தையும் பரப்பினேன். ரொம்பத் திருப்தியாக வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

காலையில் போய்த் தொட்டுப் பார்த்தேன். கொழுந்து அருமையாக வாடியிருந்தது. கையில் பிடித்தால் துணி மாதிரி மடங்கியது, ஒரு காம்பு கூட ஒடியவில்லை. பிளேட்டும் அதே பக்குவத்தில் இருந்தது.

தட்டின் பள்ளத்துக்கு ஏற்றபடி அது குழிந்து, சோறு போட்டுச் சாப்பிடலாம் போல ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அந்த வாரம் நான் செய்த வைத்தியங்களைக் கேட்டால் அழுவீர்கள். தேயிலைப் பெட்டியை அதன் மேல் ஏற்றினேன். அம்மிக் கல்லின் அடியில் வைத்தேன். தகரக் கூரையில் வெயிலில் போட்டு மிதித்துப் பார்த்தேன். கிண்ணமாக இருந்தது நிமிரத்தான் செய்தது. ஆனால் எண்ணெயில் போட்ட அப்பளமாக நிமிர்ந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சுற்றும்போது சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா அந்த வாரமெல்லாம் கல்யாணச் சேலையை எடுத்து எடுத்துப் பார்த்து மடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியமில்லை.

கல்யாண ஞாயிறும் வந்தது. லயத்து வாசலில் பந்தல். சூசை அண்ணன் முதல் பூசையை முடித்துவிட்டு, கோட்டுப் போட்டுக்கொண்டு கிராமபோனோடு வந்துவிட்டார். வாத்தியாரும் பண்டாவும் முன் வரிசையில், கச்சேரிக்கு வந்த மாதிரி உட்கார்ந்தார்கள்.

"அண்ணே, நீங்க உக்காருங்க. நான் வெக்கிறேன்" என்று சூசை அண்ணனைத் தள்ளாத குறையாகத் தள்ளி உட்கார வைத்தேன். உடம்பால் மறைத்துக்கொண்டு பிளேட்டை வைத்து ஊசியை இறக்கினேன்.

நாதஸ்வரம் கிளம்பியது. ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! ஊசி மேடேறும்போது சத்தம் இழுத்தது, பள்ளத்தில் இறங்கும்போது ஓடியது. கள்ளுக் கடையிலிருந்து வீட்டுக்கு நடக்கிறவன் மாதிரி அந்த நாதஸ்வரம் நடந்தது. பந்தலில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வாத்தியார் மட்டும் கண்ணை மூடித் தொடையைத் தட்டினார்.

"ஆகா! என்ன கமகம்யா! இத்தனை நாளா இந்தப் பிளேட்டக் கேக்குறேன், இப்பத்தான் புரியுது."

சூசை அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பந்தல் கூரையைப் பார்த்தேன்.

ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்து, "கெட்டிமேளம்!" என்று விரலை ஆட்டினார். தவில் சத்தம் எழும்பியது, எழும்பியது, அப்பளத்தின் பெரிய மேட்டில் ஊசி ஏறியது, அங்கிருந்து தாவி வெளியே விழுந்தது. கர்ரென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அந்த அமைதியில் பந்தலின் பின்னாலிருந்து ஒரு சின்னக் குழந்தை மூக்கை உறிஞ்சியது தெளிவாகக் கேட்டது.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"வேலாயுதம், கைய எடுடா!"

வேலாயுதம் தாலியோடு கையை அந்தரத்தில் நிறுத்தினார். ஐயர், "நல்ல நேரம் போகுதும்மா" என்கிறார். அப்பா என்னைத் தேடுகிறார். நான் ஊசியை எடுத்து எடுத்து வைக்கிறேன், அது தாவித் தாவி விழுகிறது. அழுத்தி வைத்ததில் அதுவும் ஒடிந்தது. அக்காவின் வாழ்க்கையை நான் ஒடித்துவிட்டேன் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன்.

அப்போதுதான் அக்கா தலையை நிமிர்த்தினாள். மணவறையில் உட்கார்ந்த பொண்ணு நிமிர்ந்து பார்ப்பதே அந்தக் காலத்தில் குற்றம். இவள் வாயையும் திறந்தாள்.

"வீரையா மாமா! தப்ப எடுத்துட்டு வாங்க மாமா!"

வீரையா மாமா எங்கள் தோட்டத்தில் பெரட்டுக்குத் தப்படிக்கிறவர். விடியும் முன்னே அவர் பறையைத் தட்டினால்தான் தோட்டம் எழுந்திருக்கும். எல்லாரும் பெரட்டுக் களத்தில் கூடுவார்கள், கணக்கப்பிள்ளை பேர் போட்டு வேலை பிரித்துக் கொடுப்பார், அதுதான் பெரட்டு. பந்தலின் ஓரத்தில், சமையல் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்த மனுஷன் திடுக்கிட்டுப் போனார்.

"சாவுக்கு அடிக்கிறதையா எம்மகன் கல்யாணத்துக்கு அடிக்கப் போறீங்க?" என்று மாமியார் சத்தம் போட்டார்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "தெனமும் அந்தச் சத்தத்துலதான் எந்திரிக்கிறேன் அத்தை. அந்தச் சத்தத்துலதான் வேலைக்குப் போறேன். நேத்து வரைக்கும் சோறு போட்ட சத்தம் இன்னைக்கு மட்டும் ஆகாமப் போயிருமா? உங்களுக்குக் காது அடைக்கணும், அவ்வளவுதானே?"

வேலாயுதம் அம்மாவைப் பார்க்கவில்லை. "மாமா, ஓடுங்க மாமா" என்று வீரையாவைப் பார்த்துச் சொன்னார். (அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு நான் ஆயுசு முழுக்கக் கடன்பட்டவன்.)

பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து தப்பு வந்தது. பனியில் தோல் தொய்ந்து கிடந்தது. சோறு வெந்துகொண்டிருந்த அடுப்பில் வீரையா மாமா அதைக் காட்டிக் காட்டி எடுத்தார். பிளேட்டைச் சாகடித்த அதே சூடு தப்பை முறுக்கேற்றியது. ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார், கணீரென்றது. பிறகு இறங்கினார் பாருங்கள், தும்மல் என்ன, பக்கத்தில் நின்று பீரங்கி சுட்டாலும் கேட்டிருக்காது! தாலி ஏறியது. அக்கா அழுதாள், அம்மா அழுதாள், நான் கிராமபோன் குழலுக்குப் பின்னால் ஒளிந்து அழுதேன். மாமியார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, ஆனால் உட்கார்ந்துவிட்டார்.

எல்லாம் சுபம் என்று நினைத்தேன். இல்லை. அவசரத்தில் வீரையா மாமாவின் கை, தினம் பழகிய பெரட்டு அடியையே அடித்துவிட்டது.

மலை முழுக்க அது கேட்டது. கொழுந்துக் காலத்தில் சில ஞாயிறுகளில் கைக்காசு வேலை உண்டு. அன்றைக்குப் பறித்தால் அன்றைக்கே காசு. தோட்டத்து மேனேஜர் துரை திடீரென்று மனம் மாறி வேலை போட்டுவிட்டார் என்று மேல் லயமும் கீழ் லயமும் நினைத்துக்கொண்டன. கல்யாணத்துக்கு நாங்கள் அழைக்காதவர்கள் அத்தனை பேரும், கூடையை மாட்டிக்கொண்டு, கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வருகிறார்கள். களத்தில் ஆள் இல்லை. சத்தம் வந்த திசையில் எங்கள் பந்தல். பின்னாலேயே கணக்கப்பிள்ளை ஐயா, ஒரு காலில் சப்பாத்து, மறு சப்பாத்து கையில்.

"யாருடா பெரட்டு அடிச்சது? துரை எங்க?"

வீரையா மாமா தப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். மாலையும் கழுத்துமாக நின்ற வேலாயுதம்தான் கையைக் கூப்பி, "வாங்கய்யா. இன்னைக்குச் சாப்பாட்டு வேலைதாங்க" என்றார். கணக்கப்பிள்ளை ஐயா அவரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கூடையோடு நிற்கிற கூட்டத்தைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அவ்வளவுதான், மலையே சிரித்தது.

சமைத்ததோ எங்கள் லயத்துக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் மட்டும். அம்மா என் காதைத் திருகக்கூட நேரமில்லாமல் அண்டாவை எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். ஆனால் அந்தச் சனத்துக்கு யாரும் எதுவும் சொல்லவே இல்லை. கூடையோடு வந்த பெண்கள் திரும்பிப் போனார்கள். வரும்போது கூடைக்குள் சட்டிகள். யார் வீட்டு ரொட்டி, யார் வீட்டுச் சம்பல், யார் வீட்டுப் பருப்பு என்று தெரியாமல் எல்லாம் பந்திக்கு வந்தது. பண்டா டவுனுக்கு ஓடி, பேக்கரியில் இருந்த பாண் மொத்தத்தையும் ஆளைப் போட்டுத் தூக்கி வந்தார். "இன்னைக்கு உப்பு இல்ல, நான் அழல" என்றார். எங்கள் தோட்டத்தில் அவ்வளவு பெரிய கல்யாணம் அதற்கு முன்னும் நடக்கவில்லை, பின்னும் நடக்கவில்லை. மாமியார் கூட, "எங்க பக்கத்துல இப்படிச் சனம் கூடுனதே இல்ல" என்று பெருமையாகச் சொன்னதை என் காதால் கேட்டேன்.

சாயங்காலம் அக்கா மஸ்கெலியா பஸ் ஏறும் முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஏன்டா, அந்தப் பிளேட்டு ஏன் அப்படி அழுதுச்சு?"

"நனைஞ்சிருச்சுக்கா. ஸ்டோர்ல வாட்டுனேன்."

அக்கா கையைத் தூக்கினாள். அடி விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"வாட்டுனதோட விட்டியே. ரோலர்ல போட்டு அரைச்சுச் சலிக்காம விட்டியே, அதுவே பெரிய புண்ணியம்" என்று சொல்லி என் தலையைக் கலைத்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்குக் கொடுக்காமல் அவள் பஸ் ஏறியிருந்தால், என் மிச்ச வாழ்க்கை வேறு மாதிரிப் போயிருக்கும்.

அடுத்த ஞாயிறு கூட்டத்துக்குத் திருட்டுப் பூனையாகப் போனேன். சூசை அண்ணன் அந்தப் பிளேட்டைச் சுடுதண்ணியில் முக்கி மறுபடியும் கிண்ணமாக வளைத்து, அதில் பொத்தான் போட்டு வைத்திருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. "சரி, இந்த வாரம் யார் யார் என்ன கேட்டீங்க?" என்று வழக்கம் போலக் கேட்டார்.

"வீரையாவோட தப்பு" என்றார் வாத்தியார்.

"வீரையா மாமாட தப்பு" என்றார் பண்டா.

என் முறை வந்தது. நிறம், மணம், புகை வாடை என்று எதுவும் வாயில் வரவில்லை. "நல்லா இருந்துச்சுண்ணே" என்றேன். முதல் முறையாக எனக்கு இரண்டு கோப்பை பிளேன்டீ கிடைத்தது. அதற்கடுத்த ஞாயிறு வீரையா மாமாவையே கையைப் பிடித்துக் கூட்டி வந்து முன் வரிசையில் உட்கார வைத்தோம். அதன் பிறகு தோட்டத்தில் யாரும் கல்யாணப் பிளேட்டைத் தேடவில்லை. அவரைத்தான் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள். அடியை மட்டும் மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்கள்.

அக்காவுக்கும் மச்சான் வேலாயுதத்துக்கும் இப்போது பேரப் பிள்ளைகளுக்கே கல்யாணம் ஆகிறது. எந்தக் கல்யாண வீட்டில் மேளம் கொட்டினாலும் மச்சான் இளவட்டங்களைக் கூட்டி வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்.

"நானா கல்யாணம் கட்டுனேன்? பெரட்டு அடிச்சாங்க, போய் நின்னேன். உங்க பாட்டி எம் பேரப் போட்டுட்டா. அன்னையிலருந்து வேல பிரிச்சுக் குடுத்துக்கிட்டே இருக்கா. இந்த நிமிஷம் வரைக்கும் பெரட்டக் கலைக்கல."

அக்கா இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பாள். "கலைச்சா எங்க போவாராம்னு கேளுங்கடா அவர!"

"நான் எங்க போறேன்?" என்பார் மச்சான். "கலைச்சிராதன்னுதான் சொல்றேன்."